படிக்கப் போகும் ஊரில் பகுதி நேர வேலை

(உயர்தரம் சித்தியடைந்து வெளியூர் செல்லும் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாகத் தோட்ட வாசிகசாலையில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம்ம டிவிஷன் பிள்ளைகள் சிலர் படிக்க வெளியூர் போக இருக்கிறார்கள். பேராதனை, களனி, கொழும்பு என்று ஆளுக்கொரு திசை. எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் அந்தச் சந்தோசத்துக்குப் பின்னாலேயே ஒரு கேள்வியும் வருகிறது. மாதச் செலவுக்கு என்ன செய்வது? கொழுந்து குறைந்த மாதத்தில் வீட்டுச் செலவே இழுபறி. அதனால்தான் பிள்ளைகள், “ஐயா, அங்க போய் ஒரு பார்ட் டைம் வேலை தேடிக்கலாமா?” என்று கேட்கிறார்கள். தாராளமாகத் தேடலாம். ஆனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று தெரிந்து தேட வேண்டும்.

முதலாவது, வேலை தேடுவதற்கு முன்னால் உங்களுக்கு உரிமையான பணத்தைக் கேளுங்கள். மகாபொல புலமைப்பரிசில் 1981 முதல் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகக் கூட்டப்பட்டது. மகாபொல கிடைக்காத பிள்ளைகளுக்கு பர்சரி உதவிப்பணம் இருக்கிறது. விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் கேட்பார்கள். ஆகவே பெற்றோரே, சம்பளத் துண்டுகளை அடுப்படியில் போட்டுவிடாமல் சேர்த்து வையுங்கள். முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளிக்கு மட்டுமாவது ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி வைக்கப் பாருங்கள்.

இரண்டாவது, நேரம். நம்ம கணக்கில் சொன்னால், படிப்புக்கு முழுப் பேர் விழ வேண்டும், வேலைக்கு அரைப் பேர்கூட அதிகம். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும். பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வேலை செய்யும் இடம் விடுதிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் திரும்பி வந்தால், சம்பளத்தில் ஒரு பங்கு பஸ் காசுக்கே போய்விடும், உடம்பும் தாங்காது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் கொழும்பில் படிக்கப் போய்ப் புடவைக் கடையொன்றில் சேர்ந்தான். முதலில் சனி, ஞாயிறு மட்டும். தீபாவளி நெருங்கியதும் முதலாளி, “ரெண்டு கிழமை முழுநேரமா நில்லு தம்பி” என்றார். கைநிறையக் காசு கிடைத்தது. இரண்டு கிழமை இரண்டு மாதமானது. வரவு போதாமல் பரீட்சை போனது. இன்றைக்கும் அவன் அந்தக் கடையில்தான் நிற்கிறான். நல்ல உழைப்பாளி, குறை சொல்லமாட்டேன். ஆனால் அவன் அம்மா மழையிலும் அட்டைக்கடியிலும் கூடை சுமந்தது அதற்காக இல்லை.

மூன்றாவது, எந்த வேலை? சாதாரணதரத்தில் கணிதமோ ஆங்கிலமோ நன்றாகச் செய்தவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தமிழ்மொழியில் படிக்கும் பிள்ளைகள் நிறைய. இதில் நேரமும் நம்ம கையில், படித்ததும் மறக்காது. புறக்கோட்டைக் கடைகளில் பண்டிகைக் காலத்தில் பில் போடவும் ஸ்டொக் எடுக்கவும் ஆள் தேடுவார்கள். தமிழ் டைப்பிங் தெரிந்தால் அதற்கும் வேலை உண்டு. சிங்களமும் தமிழும் தெரிந்த பிள்ளைக்கு எந்த ஊரிலும் மதிப்புத்தான். கண்டியிலே இது இன்னும் கூட. வேலை தேடும்போது முதலில் சீனியர் மாணவர்களைக் கேளுங்கள். எந்த முதலாளி ஒழுங்காகக் காசு கொடுப்பார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

நான்காவது, சம்பளம். குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016 இல் வந்தது. 2025 இல் செய்த திருத்தத்தின்படி, 2026 ஜனவரி முதல் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,200 ரூபாய். மாதத்தில் எட்டு நாள் வேலை செய்தால் 9,600 ரூபாய். இதைவிடக் குறைத்து, “நீ படிக்கிற பிள்ளைதானே” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஈ.பி.எப். பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1958 ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். தற்காலிக வேலைக்கும் அது உண்டு. அதற்கு மேல் முதலாளி 3 வீதம் ஈ.ரி.எப். கட்ட வேண்டும். வேலை செய்த நாளையும் மணியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். செக்றோலில் பேர் விழுந்ததா என்று உங்கள் அம்மா பார்ப்பதில்லையா? அதே பழக்கம்தான். சம்பளம் தராமல் இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம்.

ஐந்தாவது, ஏமாறாமல் இருப்பது. வேலை தருவதற்கு முன்னால் “டெப்பொசிட்” கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள். அடையாள அட்டையின், சான்றிதழின் மூலப்பிரதியை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். போட்டோ கொப்பி போதும். “நீ சேர்ந்து, இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் இலட்சம் வரும்” என்பது பிரமிட் வியாபாரம். அது இலங்கையில் சட்டவிரோதம். இரவு நேர வேலைக்கும், தங்கி நின்று செய்யும் வீட்டு வேலைக்கும் தரகர் சொன்னார் என்று போகவே வேண்டாம். 2021 இல் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு பிள்ளையின் மரணம் நம் எல்லோரையும் உலுக்கியது. இன்னொன்றும் சொல்கிறேன். அதே ஆண்டிலிருந்து வேலைக்கு ஆகக் குறைந்த வயது 16. அண்ணன், அக்கா வேலை செய்யும் கடைக்குத் தம்பி தங்கையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அனுப்பும் எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை சம்பாதிக்கிறது என்று கேள்விப்பட்டதும், சீட்டுக்கும் நகை மீட்கவும் அதனிடம் காசு கேட்காதீர்கள். நீங்கள் கேட்டால் பிள்ளை இல்லையென்று சொல்லாது. இன்னொரு நாள் கூடுதலாக வேலைக்குப் போகும். அந்த ஒரு நாள் படிப்பிலிருந்துதான் வெட்டுப்படும். கிழமைக்கு ஒரு தரம் போன் எடுத்து, “சாப்பிட்டியா, வகுப்புக்குப் போனியா?” என்று கேளுங்கள். எவ்வளவு கிடைத்தது என்பதைக் கடைசியாகக் கேட்டால் போதும்.

பிள்ளைகளே, வேலை கேட்கும் இடத்தில் தோட்டத்து விலாசத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். விடியற்காலை எழும்பிப் பழகிய பிள்ளைகள் நீங்கள். நேரத்துக்கு வருவதும், கணக்கில் நேர்மையாக இருப்பதும் எந்த முதலாளிக்கும் பிடிக்கும். ஆனால் மேலதிகாரி திட்டினால் தலைகுனிந்து நிற்கும் பழக்கத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். மரியாதையாகப் பேசுங்கள், நிமிர்ந்து பேசுங்கள்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் என் அலுவலகத்துக்கு வாருங்கள். கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளை ஒரு பைலில் போட்டுத் தருகிறேன். புலமைப்பரிசில் படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் சேர்ந்து நிரப்புவோம். கூச்சப்பட வேண்டாம், அதற்குத்தான் நான் இருக்கிறேன்.