முதுகை நிமிர்த்திக் கேளுங்கள்

 

நான் தோல் தொழில்நுட்பம் படித்தவள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பாலாற்றுப் படுகையிலேயே என் உத்தியோக வாழ்க்கை கழிந்தது. தோல் ஏற்றுமதியைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதைப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. கணியம்பாடியில் பொறியியல் பட்டம் வாங்கும் உங்களிடம் நான் பேச விரும்புவது ஒரு நடனக் கலைஞரைப் பற்றி. அவர் பெயர் சந்திரலேகா. என் தொழிலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

1928 டிசம்பர் 6 அன்று மகாராஷ்டிரத்தின் வாடா என்ற ஊரில், குஜராத்திக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மருத்துவர். சட்டம் படித்துக்கொண்டிருந்த பெண் அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பாவிடம் பரதம் கற்றார். பாலசரஸ்வதியின் ஆட்டத்தையும் ருக்மிணி தேவியின் உழைப்பையும் அருகிலிருந்து பார்த்தார். 1952-இல் அவருடைய அரங்கேற்றம். கடும் வறட்சியில் தவித்த ராயலசீமாவுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது.

அந்த மேடையில் அவர் ஆடிய உருப்படிகளில் ஒன்று ‘மதுரா நகரிலோ’. யமுனைக் கரை, கோபியர், எங்கு பார்த்தாலும் தண்ணீர். நதியின் அலையை விரல்களால் காட்ட வேண்டும். நீரை அள்ளித் தெளிக்க வேண்டும். குளிர்ச்சியை முகத்தில் கொண்டுவர வேண்டும். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பத்திரிகைகளில் பார்த்த படங்கள் அவர் கண்முன் வந்தன. பாளம் பாளமாக வெடித்த நிலம். சின்னச் சின்ன டப்பாக்களைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்காக நீண்ட வரிசையில் நிற்கும் ஜனங்கள். அவர்களுக்காகத்தான் இந்த நிகழ்ச்சியே. ஆனால் மேடையில் தான் காட்டிக்கொண்டிருப்பது வற்றாத நதி. அந்த நொடியில் அவருக்குள் ஏதோ உறைந்து போயிற்று. கலை ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம் என்று தனக்குள் பிளந்து நிற்பதை அவர் உணர்ந்தார். இதைப் பிற்காலத்தில் அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளே, இந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அன்று அவர் அடவில் பிழை இல்லை. தாளம் தப்பவில்லை. பரீட்சை வைத்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். ஆனாலும், தான் கற்ற வித்தைக்கும் வெளியே மக்கள் படும் பாட்டுக்கும் என்ன உறவு என்ற கேள்வியை அவரால் தள்ளிவைக்க முடியவில்லை. வித்தையின் மீது வெறுப்பு வந்ததால் கேட்ட கேள்வி அல்ல அது. அளவுகடந்த அன்பு இருந்ததால்தான் கேட்டார். அன்பு இல்லாதவர்கள் ஆடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்தக் கேள்வி அவரைச் சும்மா விடவில்லை. அவ்வப்போது மேடைக்கு வந்தாலும், பெரும்பாலான காலம் அதை விட்டு விலகியே இருந்தார். எழுதினார், சுவரொட்டிகள் வடிவமைத்தார், பெண்கள் இயக்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். 1982-இல் அவர் மீதும் அவருடைய நண்பர் சதானந்த் மேனன் மீதும் தேசத் துரோக வழக்குகூடப் போடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. பிறகு 1985-இல், 56 வயதில், ‘அங்கிகா’ என்ற படைப்போடு வந்தார். பரதமும் களரிப்பயிற்றும் யோகமும் ஒரே மேடையில். கடவுள் கதை இல்லை, நகை அலங்காரம் இல்லை. உடல் மட்டும் பேசியது. இந்திய நடனத்தில் அதன் பிறகு எதுவும் பழையபடி இருக்கவில்லை. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் அவருடைய முக்கியமான வேலை தொடங்கியது. வளாகத் தேர்வில் வேலை கிடைக்காததால் கலங்கியிருக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

உங்கள் துறைக்கு நெருக்கமான ஒன்றும் சொல்கிறேன். 1989-இல் அவர் ‘லீலாவதி’ என்று ஒரு படைப்பைத் தந்தார். 1150-இல் பாஸ்கரர் எழுதிய கணித நூலை நடனமாக்கினார். அந்த நூலில் ஒரு கணக்கு உண்டு. 9 முழ உயரத் தூணின் மேல் ஒரு மயில். தூணின் அடியில் பாம்புப் புற்று. 27 முழத் தொலைவிலிருந்து பாம்பு புற்றை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இரண்டும் கடந்த தூரம் சமம் என்றால், புற்றிலிருந்து எத்தனை முழத்தில் பிடிபடும்? பிதாகரஸ் தேற்றம் தெரிந்தவர்களுக்கு 12 முழம் என்று உடனே விடை வந்துவிடும். கணக்கென்றால் காய்ந்த எண் என்று நினைக்கும் நமக்கு, அதற்குள் மயிலும் பாம்பும் ஓட்டமும் பாய்ச்சலும் இருப்பதை அவர் நினைவூட்டினார்.

நான் அடையாற்றில் படித்த காலம் 80-கள். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வகத்தில் சுண்ணாம்பு வாடை கையை விட்டுப் போகாது. எங்கள் வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு. சாயங்காலம் தோழிகளோடு எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்துபோவோம். வெள்ளை முடியும் பெரிய பொட்டுமாக, நிமிர்ந்து நடந்துபோகும் ஓர் அம்மாவைத் தூரத்தில் பார்ப்போம். யாரென்று அப்போது தெரியாது. அந்த நடை மட்டும் மனதில் நின்றது.

பிறகு, வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, அவருடைய ‘ஸ்ரீ’ என்ற படைப்பைப் பார்த்தேன். முதுகெலும்பு முறிந்ததுபோல் இரண்டாக மடங்கிய பெண்கள் மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாக நடக்கிறார்கள். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. பிறகுதான் அந்த முதுகுகள் நிமிர்கின்றன. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வளைந்த முதுகுகளை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் ஷாப்பில் மரக்கட்டை மேல் தோலைப் போட்டுக் குனிந்து கத்தியால் வழிக்கும் ஆண்கள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் வரிசையில் எட்டு மணி நேரம் கழுத்தைக் கவிழ்த்திருக்கும் பெண்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். இது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் அத்தனை முதுகுகள் இருக்கின்றன.

மறுவாரம் எங்கள் தையல் பிரிவுக்குள் அளவு நாடாவோடு போனேன். மேஜைகளெல்லாம் ஒரே உயரம். பெண்களோ ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயரம். மேஜையின் கால்களுக்குக் கட்டை கொடுத்தோம், முதுகு சாயும் நாற்காலி போட்டோம், கால் வைக்கப் பலகை போட்டோம். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் என் பணிக்காலத்தில் நான் பெருமையாக நினைப்பது அதைத்தான். இயந்திரத்தை வடிவமைக்கப் போகிறவர்களே, அதன் முன் உட்காரப் போகிறவரின் உடம்பை முதலில் அளந்து பாருங்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். பச்சைத் தோல் 1 கிலோவைப் பதனிட ஏறக்குறைய 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் கழிவாக எங்கே போயிற்று என்பதை இந்தப் பகுதி மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழாகியிருப்பதைக் குறிப்பிட்டது. மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது நம் பாலாற்றின் பெயரால்தான். என் துறையில் இருந்த நாங்கள் எல்லோரும் வித்தை தெரிந்தவர்கள். ஆற்றையும் வித்தையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சிலரே. அதே வேலூர் மாவட்டத்தில்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் 100 நாள் வேலைத் திட்டத்தில் நாகநதி ஆற்றுப் படுகையில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் கிணறுகளை அமைத்து, வறண்ட நிலத்தடி நீரை மீட்டார்கள். அவர்களிடம் பட்டம் இல்லை. காலடி மண் தெரிந்திருந்தது.

முதுகெலும்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இன்னொருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. இந்தச் சாலையில் வேலூர் பக்கம் போனால் பாகாயம். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். நிமிர்ந்து நிற்பது என்பது உடம்பு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

சந்திரலேகா 2001-இல் ‘சரீரா’ என்ற கடைசிப் படைப்பைத் தந்தார். சங்கீத நாடக அகாதெமியின் விருதும், 2004-இல் அதன் உயரிய ஃபெல்லோ கௌரவமும் வந்தன. 2006 டிசம்பர் 30 அன்று சென்னையில் காலமானார். விருதுகளை விட அந்த 1952 மேடையில் அவருக்குள் எழுந்த கேள்விதான் அவர் விட்டுப்போன பெரிய சொத்து.

பட்டதாரிகளே, நாளை உங்களுக்குச் சம்பளம் வரும், பதவி வரும், அவசரமும் வரும். வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு நாளில், இது யாருடைய தண்ணீர், இது யாருடைய முதுகு என்று ஒரு முறை கேளுங்கள். கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் குனிந்துவிடாதீர்கள். விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆனாலும் பரவாயில்லை. கேள்வியை மட்டும் கைவிடாதீர்கள். நீங்களும் உங்கள் பெற்றோரும் நலமாக வாழ வாழ்த்துகிறேன்.