ப்ளக் மாத்துறதுக்கு முன்னாடி ஸ்கோப்ல பாருங்க

பைக் மிஸ்ஸிங் ஆச்சுன்னா முதல்ல ப்ளக் மாத்துவாங்க, அப்புறம் காயில், அப்புறம் ஒயர். மூணுக்கும் காசு நம்மளது. வீட்டுல ஒரு ஆஸிலோஸ்கோப் இருந்தா, எது போச்சுன்னு முன்னாடியே பார்த்துடலாம்.

ஒரு எச்சரிக்கை: ப்ளக் ஒயர்ல வர்றது பல ஆயிரம் வோல்ட். அதுல ப்ரோபை நேரா வைக்கவே கூடாது. ஸ்கோப் போயிடும், உங்க உயிருக்கும் ஆபத்து. ஒயர் மேல மாட்டுற கெப்பாசிட்டிவ் பிக்கப் கிளிப்தான் வழி.

திரையில முதல்ல ஊசி மாதிரி ஒரு கோடு ஏறும். ப்ளக் கேப்பைத் தாண்டத் தேவைப்பட்ட வோல்டேஜ் அது. அடுத்து வர்ற படுத்த கோடு, ஸ்பார்க் எரிஞ்ச நேரம்; சாதாரண காயில் இக்னிஷன்ல சுமார் 1 முதல் 2 மில்லிசெகண்ட். சிடிஐ வண்டில இதைவிடக் கம்மி. கடைசியா வர்ற சின்ன அலைகள், காயில்ல மிச்சமிருந்த சக்தி அடங்குறது.

ஊசி உயரமா, எரியுற நேரம் கம்மியா இருந்தா, ப்ளக் கேப் அதிகம், இல்ல ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். ஊசி குட்டையா, நேரம் நீளமா இருந்தா, ப்ளக்ல கரியோ, கரண்ட் லீக்கோ இருக்கலாம். கடைசி அலைகளே இல்லன்னா காயிலைச் சந்தேகப்படுங்க.

வண்டி நல்லா ஓடுறப்பவே ஒரு அலையை சேவ் பண்ணி வைங்க. பழுதாகுற அன்னைக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கை கொடுக்கும்.