திரைக்கு முன்னால் நான்கு நாற்காலிகள்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகள் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. எனக்கு வயலின் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் இன்று மேற்கத்திய செவ்வியல் இசைக் கலைஞர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் இதுதான். நாம் இடஒதுக்கீடு பற்றிப் பேசினால் 'தகுதி' என்பார்கள். அந்த வாதத்தில் தோற்றதும் இசைக்குப் போய்விடுவார்கள். "சுருதி பொய் சொல்லுமா?" என்பார்கள். சுருதி பொய் சொல்லாதுதான். ஆனால் யாருடைய சுருதியைக் கேட்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஸ்ட்ரிங் குவார்டெட் என்பது நான்கு பேர் கொண்ட குழு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நடத்துநர் கிடையாது. அந்த நாற்காலிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்தாறு வயதிலேயே கற்கத் தொடங்கியவர்கள். குழந்தை வளர வளர வயலினின் அளவையும் மாற்ற வேண்டும். வாரந்தோறும் தனி ஆசிரியரிடம் பாடம். கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர, வீட்டில் ஒருவருக்கு நேரம் வேண்டும். பிறகு இசைக் கல்லூரி. டோக்கியோ குவார்டெட் 1995 முதல் வாசித்தவை ஒரு ஜப்பானிய அறக்கட்டளை இரவல் தந்த ஸ்ட்ராடிவாரி கருவிகள். உச்சத்தில் இருப்பவர்களுக்கே இரவல் தேவைப்படுகிறது என்றால், அடியில் நிற்கும் குழந்தைக்கு யார் இரவல் தருவார்கள்?

1969இல் அமெரிக்காவில் எர்ல் மேடிசன் என்ற செல்லோ கலைஞரும், ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த ஆர்ட் டேவிஸ் என்ற பேஸ் கலைஞரும் நியூயார்க் பில்ஹார்மோனிக் மீது நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். இருவரும் கறுப்பினத்தவர்கள். அப்போது அந்த ஆர்கெஸ்ட்ராவில் நிரந்தரக் கறுப்பினக் கலைஞர் சான்ஃபோர்ட் ஆலன் ஒருவர் மட்டுமே. ஆணையம் 1970இல் தீர்ப்பளித்தது. நிரந்தர வேலையில் இந்த இருவருக்கும் பாகுபாடு காட்டப்பட்டதாக ஏற்கவில்லை. ஆனால் மாற்றுக் கலைஞர்களையும் கூடுதல் கலைஞர்களையும் அழைப்பதில் பாகுபாடு இருக்கிறது என்றது. யாராவது விடுப்பு எடுத்தால் தெரிந்தவருக்குத் தொலைபேசி போகும். அந்தத் தொலைபேசி எண்களின் பட்டியலில் கறுப்பினத்தவர் இல்லை. தேர்வு நடக்கும் இடத்தில் அல்ல, தேர்வே நடக்காத இடத்தில்தான் பாகுபாடு பிடிபட்டது.

எழுபதுகளில் இருந்து அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்ந்தெடுக்கும் முறை பரவியது. நல்ல சீர்திருத்தம். இன்று அங்கே பெண்கள் கிட்டத்தட்டப் பாதி. அதற்குத் திரையும் ஒரு காரணம். ஆனால் 2014இல் கறுப்பினக் கலைஞர்கள் 1.8 விழுக்காடுதான். இசைக் கல்லூரிவரை வந்து சேர்ந்த பெண்களுக்குத் திரை உதவியது. வந்து சேரவே வழியில்லாதவர்களுக்குத் திரை என்ன செய்யும்?

குவார்டெட்டில் அந்தத் திரையும் இல்லை. சேர்ந்து வாசித்துப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நான்கு பேர் பல ஆண்டுகள் ஒன்றாகப் பயணம் செய்து, ஒத்திகை பார்த்து, சண்டை போட்டு வாழ வேண்டும். ஆனால் "நமக்கு ஒத்துவருவாரா?" என்ற கேள்வியில் 'நாம்' என்பது யார்?

ஜூலியர்ட் குவார்டெட் 1946இல் தொடங்கப்பட்டது. முதல் வயலின் வாசித்த ராபர்ட் மான் 51 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். செல்லோ வாசித்த ஜோயல் க்ராஸ்னிக் 42 ஆண்டுகள். அவருக்குப் பின் 2016இல் ஆஸ்ட்ரிட் ஷ்வீன் வந்தார். அந்தக் குழுவின் முதல் பெண் அவர். முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரும் அவரே. எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த நால்வரும் ஜூலியர்ட் பள்ளியில் ஆசிரியர்களும்கூட. எமர்சன் குவார்டெட் அந்தப் பள்ளியில் மானிடம் பயின்று வளர்ந்த குழு. ஆக, அந்த நாற்காலியில் இருப்பவர் வாசிக்க மட்டும் செய்வதில்லை. அடுத்த தலைமுறையில் யார் வாசிப்பார்கள் என்பதிலும் அவருக்குக் கை இருக்கிறது.

இதை உடைக்க என்ன செய்தார்கள்? 1997இல் ஆரன் டுவார்க்கின் ஸ்ஃபிங்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். கறுப்பின, லத்தீனோ இளைஞர்களுக்குப் போட்டி, பயிற்சி, உதவித்தொகை. அந்த அமைப்பு 2010இல் கேட்டலிஸ்ட் குவார்டெட்டை உருவாக்கியது. நாற்காலி கிடைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஒதுக்கப்பட்ட கறுப்பின இசையமைப்பாளர்களின் படைப்புகளைத் தேடி எடுத்துப் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஃப்ளோரன்ஸ் பிரைஸ். 1933இல் சிகாகோ சிம்பொனி இசைத்த படைப்பின் ஆசிரியர். 1953இல் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பெருங்கட்டு, 2009இல் ஒரு பாழடைந்த வீட்டில் கிடைத்தது. அந்தத் தாள்கள் அத்தனை ஆண்டுகள் அங்கே கிடந்ததற்கும் தகுதிக்கும் என்ன சம்பந்தம்?

முடிக்கும் முன் என் கதை ஒன்று. முனைவர் பட்டச் சேர்க்கைக்கு முதலில் போன இடத்தில், என் ஆய்வுத் தலைப்பைக் கேட்கும் முன் ஊரைக் கேட்டார்கள். சொன்னேன். "ஊருக்குள்ளேயா, தள்ளியா?" என்றார் ஒருவர். அந்தக் கேள்வியின் பொருளை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு திரை இருந்திருந்தால் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கேயும் திரை இல்லை. ஆனால் அதற்கு முன், மூத்த ஆய்வு மாணவி ஒரு அக்கா மூன்று நாள் மாலை என்னை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். என்ன படிக்க வேண்டும், எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்று சொல்லித்தந்தார். மற்றவர்களுக்கு வீட்டிலேயே கிடைப்பது எனக்கு அந்த மூன்று மாலைகளில் கிடைத்தது.

திரையையும் கேட்போம், இடஒதுக்கீட்டையும் விட மாட்டோம். அதோடு, இங்கே உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் வரும் சேர்க்கைக்கு முன் ஒருவரையாவது எதிரே உட்காரவையுங்கள். மூன்று மாலைகள் போதும்.

ஜெய் பீம்.