எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?

(சமூகக் கூடத்தில் நடந்த மாதாந்திர மாலைச் சந்திப்பில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் சி பிளாக் அம்மா ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய மகள் நன்னீர்ச் சூழலியலில், அதாவது ஏரி, குளம், ஆறு பற்றிய படிப்பில், ஆராய்ச்சிக்குச் சேரப் போகிறாள். இரண்டு பேராசிரியர்கள் இடம் தருகிறார்கள். இணையத்தில் பார்த்தால் ஒருவருடைய எச்-இண்டெக்ஸ் மற்றவருடையதைப் போல இரண்டு மடங்கு. “அப்படியானால் முதல்வரிடம்தானே சேர வேண்டும்?” என்று கேட்டார். உடனே பதினைந்து கட்டைவிரல்கள் விழுந்தன. முப்பது வருடம் இந்த எண்களோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அது என்ன எண் என்று பார்ப்போம். ஒருவர் எழுதிய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 20. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. எளிமையானது, அதனால்தான் எல்லா அலுவலகங்களுக்கும் பிடித்துப்போனது. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். நீங்கள் ஐந்தே கட்டுரை எழுதியிருந்தால், உலகமே அவற்றைப் படித்தாலும் உங்கள் எண் ஐந்தைத் தாண்டாது.

ரேமண்ட் லிண்டமேன் என்ற அமெரிக்க இளைஞர் மினசோட்டாவில் சீடார் பாக் என்ற சிறிய ஏரியை ஐந்து ஆண்டுகள் ஆராய்ந்தார். சூரிய ஒளி பாசிக்குப் போய், பாசியிலிருந்து பூச்சிக்கும் மீனுக்கும் போகும்போது ஆற்றல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டார். கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹட்சின்சன் என்ற மூத்த அறிஞர் பரிந்து பேசிய பிறகுதான் ஏற்றார்கள். 1942-இல் அது அச்சில் வந்தபோது லிண்டமேன் உயிரோடு இல்லை. வயது 27. மொத்தக் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் ஆற்றல் ஓட்டப் பாடத்துக்கு அடித்தளம் அந்தக் கட்டுரைதான். எச்-இண்டெக்ஸ் வைத்துத் தேர்வு செய்யும் எந்தக் கமிட்டியும் அவரை உள்ளே விட்டிருக்காது.

“அது பழைய காலம் சார்” என்பீர்கள். சரி, நிறைய எழுதி, நிறைய மேற்கோளும் பெற்ற ஒருவரைப் பார்ப்போம். டேவிட் ஷிண்ட்லர். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், சிறு ஏரிகள் பலவற்றை அப்படியே ஆய்வுக்கூடமாக ஒதுக்கியிருந்தார்கள். அங்கே 1968 முதல் சுமார் இருபது ஆண்டுகள் ஆய்வை நடத்தியவர் அவர்.

அப்போது பெரிய சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஈரி போன்ற ஏரிகள் பச்சைப் பாசி படர்ந்து நாறின. காரணம் சலவைத் தூளிலும் சாக்கடையிலும் வரும் பாஸ்பரஸ் என்றார்கள் சிலர். இல்லை, கார்பன்தான் என்றார்கள் வேறு சிலர், சோப்புத் தொழிலுக்கு அந்த வாதம் வசதியாகவும் இருந்தது. பாட்டில் தண்ணீரில் சோதனை செய்தால் ஆளுக்கொரு விடை வந்தது. ஷிண்ட்லர் குழு ஒரு முழு ஏரியையே எடுத்துக்கொண்டது. 226-ஆம் எண் ஏரி நம் ஊர் எட்டு போல இடுப்பு ஒடுங்கியது. 1973-இல் அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஆனது. திரைக்கு இந்தப் பக்கம் தெளிந்த தண்ணீர்.

வானத்திலிருந்து எடுத்த அந்தப் படத்தை வைத்துத்தான் ஊரை நம்பவைத்தார்கள். சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் கனடாவிலும் பல அமெரிக்க மாநிலங்களிலும் நிலைபெற்றதில் இந்த ஏரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1991-இல் முதல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது அவருக்குத்தான். இப்போது என் கேள்வி: படத்தைப் பார்த்து மனம் மாறிய அதிகாரி எந்தப் பத்திரிகையிலும் மேற்கோள் காட்டியிருக்க மாட்டாரே, அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்று. மேற்கோள் காட்டுவதெல்லாம் ஆமோதிப்பு அல்ல. 2008-இல் ஷிண்ட்லரும் தோழர்களும் 227-ஆம் ஏரியில் 37 ஆண்டு நடந்த சோதனையை வெளியிட்டு, நைட்ரஜனைக் குறைத்துப் பாசியைத் தடுக்க முடியாது என்றார்கள். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள், மறுப்பதற்காகவே அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். கணினிக்கு இரண்டும் ஒரே ஒரு புள்ளிதான். அந்தக் கட்டுரை 37 வருடம் காத்திருந்து வந்தது என்பதும் கணினிக்குத் தெரியாது. வருடத்துக்கு நான்கு கட்டுரை கேட்கும் இடத்தில் அந்தச் சோதனையை யார் தொடங்குவார்கள்?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் பதவி உயர்வுக் கமிட்டிக்கு ஒவ்வொருவரின் மேற்கோள் எண்ணை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. ஓர் ஆசிரியர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பரிசலில் போய் ஒரே ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்து வருவார். மழைக்காலத்திலும் போவார். எண் சின்னதாக இருந்தது. அவருக்குப் பதவி கிடைக்கவில்லை. கணக்கில் தப்பில்லை, நான் இரண்டு முறை சரிபார்த்தேன். அந்த ஏரியின் குறிப்பேடுகள் பற்றி ஒரு வரி எழுதி அந்தத் தாளோடு வைத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் வைக்கவில்லை.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல வருடம் ஆகியும் ஒருவர் எழுதியதை யாருமே எடுத்தாளவில்லை என்றால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். சி பிளாக் அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: இருவருடைய கட்டுரைகளிலும் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட மூன்றை எடுத்துப் பாருங்கள். அவை அவர்களே ஏரியில் இறங்கிச் செய்ததா, பிறர் வேலையைத் தொகுத்து எழுதியதா? தொகுப்புக் கட்டுரைக்குப் பொதுவாகவே மேற்கோள் அதிகம் விழும். பிறகு அவர்களிடம் இப்போது படிக்கும் மாணவர்களில் இரண்டு பேரிடம் போனில் பேசச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் பேசிவிட்டாளாம், இன்றைக்கு வந்தும் இருக்கிறாள். யாரிடம் சேரப் போகிறாள் என்பதை அவளே சொல்லட்டும். டீ வந்துவிட்டது, மற்ற கேள்விகளை அங்கே வைத்துக்கொள்வோம்.