இருப்புப்பாதை வழியே ஓர் இதழாசிரியர்

(அயோத்தியாப்பட்டணத்தில் தமிழன்பர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



மன்னனின் பெருமை காணப் புறப்படுவோர் அவன் எழுப்பிய கோட்டையைக் காண்பர். சிற்பியின் பெருமை காண விழைவோர் கற்றளியைக் காண்பர். இதழாசிரியர் ஒருவரின் பெருமையைக் காண விழைவோர் எங்குச் செல்வது? அவர் கட்டியது தாளாலான கோட்டை. அது மழையில் நனையும், கறையான் வாய்ப்படும், எடைக்கும் போடப்படும். ஆயினும் அவர் நடந்த வழி மண்ணில் இருக்கிறது.

இவ்வூரின் பெயரில் வடபுல நகரொன்றின் பெயர் ஒட்டிக்கொண்டுள்ளது. ஆனால் இவ்வூரைக் கடந்து செல்லும் பாதையோ தூய தமிழின் வரலாற்றுப் பாதை. மேற்கே சில கல் தொலைவில் சேலம், கிழக்கே ஆத்தூர். அவ்விரண்டு ஊர்களிலும் கல்வி பயின்றவர் பாவலரேறு பெருஞ்சித்திரனார். 1933 மார்ச்சு 10ஆம் நாள் சேலம் மாவட்டம் சமுத்திரம் என்னும் ஊரில் துரைசாமியார், குஞ்சம்மாள் இணையர்க்குப் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் இராசமாணிக்கம். பள்ளி நாளிலேயே கையெழுத்து இதழ் நடத்தினார். ஆசிரியப் பணி அவருக்குப் பின்னர் வந்து சேர்ந்ததன்று; கையோடு வளர்ந்தது.

முதலிற் காண வேண்டிய இடம் சேலம் நகராட்சிக் கல்லூரி; இன்று அரசு கலைக் கல்லூரி. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை அங்கே தமிழ் கற்பித்தார். அவரிடம் பாடங்கேட்ட இளைஞருள் ஒருவரே நம் பாவலரேறு. மாணவரின் இதழ் பின்னாளில் ஆசிரியரின் ஆராய்ச்சிக்கு மேடையாயிற்று. பாவாணரின் சொற்பிறப்பியல் அகரமுதலி உருவாக வேண்டுமென்று தென்மொழி வாயிலாகத் தமிழ் மக்களே பொருள் திரட்டினர். அதன்பின் 1974இல் தமிழக அரசு அதற்கெனத் தனி இயக்ககம் அமைத்துப் பாவாணரை இயக்குநராக்கியது. 1981இல் அவர் மறைந்த பின்னும் பணி தொடர்ந்து, 2011இல் 12 மடலங்களாக, 31 பகுதிகளாக நிறைவுற்றது. ஒரு சிற்றிதழ் மூட்டிய கனல் எத்துணைத் தொலைவு சென்றது என்பதை எண்ணுக!

அடுத்து, இவ்வூர்த் தொடர்வண்டி நிலையத்தில் ஏறிக் கிழக்கு நோக்கிச் செல்க. ஆத்தூர் கடந்து, விருத்தாசலம் கடந்து, அவ்விருப்புப்பாதை கடலூரைச் சேரும். அங்கே அஞ்சல் துறையிற் பணியாற்றிய காலத்திலேதான், 1959இல், தென்மொழி பிறந்தது. அரசுப் பணியாளராதலின் அவருக்குப் புனைபெயர் வேண்டியிருந்தது. அவர் தேர்ந்த பெயரைப் பாருங்கள்! புறநானூற்றுப் பெருஞ்சித்திரனார் வறுமையிலும் தலைதாழாதவர். இளவெளிமான் மதியாது கொடுத்த சிறு பரிசிலை மறுத்தார். குமணனிடம் யானை பெற்று வந்து அவன் காவன்மரத்திலேயே கட்டிச் சென்றார். கைந்நீட்டா மானமே இதழின் முதலீடு என்பதை அப்பெயரே அறிவித்துவிட்டது.

மூன்றாவது இடம் வேலூர்ச் சிறை. 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போரில் தென்மொழியின் எழுத்துகளுக்காக அதன் ஆசிரியர் சிறையேகினார். ‘ஐயை’ என்னும் பாவியத்தின் முதற்பகுதி அங்கே எழுந்தது. வெளியே எழுதிய குற்றத்திற்கு உள்ளே அடைத்தனர்; உள்ளேயும் அவர் எழுதினார்.

நான்காவது, சென்னையை அடுத்த மேடவாக்கத்திலுள்ள பாவலரேறு தமிழ்க்களம். 1995 சூன் 11ஆம் நாள் மறைந்த அப்பெருமகனாரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

இவற்றையெல்லாம் கண்டு திரும்பியபின் காண வேண்டிய ஐந்தாவது இடம் ஒன்றுண்டு. அது நம் வீடுகளின் பரண். தென்மொழியும், சிறுவர்க்கென அவர் நடத்திய தமிழ்ச்சிட்டும், தமிழ்நிலமும் இன்னும் எத்தனையோ பரண்களில் கட்டுண்டு கிடக்கும். பெரியவர் மறைந்ததும் பிள்ளைகள் அக்கட்டை அவிழ்த்தும் பாராமல் எடைக்குப் போட்டுவிடுகின்றனர். சிலைக்கு மாலை இட்டவன் மகனே இதழைக் கிலோக் கணக்கில் விற்கிறான்! கற்சிலை உடைந்தால் மற்றொன்று செதுக்கலாம். எஞ்சிய ஒரே படியும் கூழானால் அதிலிருந்த பாட்டை யார் மீட்பர்?

ஆதலின் தமிழன்பர்களே, ஊர்க்கு ஒருவர் முன்வருக! வீடுதோறும் கேட்டுப் பழைய இதழ்களைத் திரட்டுக. ஆண்டு வாரியாக அடுக்குக. கட்டடம் செய்து ஊர் நூலகத்தில் வைக்க. ஒரே இதழ் கிடைப்பினும் அதைப் படம்பிடித்துக் காக்க. திங்களுக்கொரு மாலை சிறுவரை அமர்த்தித் தமிழ்ச்சிட்டின் பக்கமொன்றை உரக்கப் படிப்பிக்க. இன்று வெளிவரும் தமிழ் இதழ்கட்கும் உரிய கட்டணத்தைக் காலத்தில் செலுத்துக. பல இதழ்கள் பகைவரால் மடியவில்லை, கடன் சொன்ன அன்பரால் மடிந்தன.

இவ்வழியே தொடர்வண்டி நாளும் ஓடுகிறது. அதில் ஏறுவோர் கையில் ஒரு தமிழிதழ் இருக்கட்டும்! வாழ்க தமிழ்!