எரியா எரிகலமும் தேயும் வினையூக்கியும்

(மாணவர் அறிவியல் அரங்கொன்றில் ஆற்றிய உரை)

 

எரிபொருட்கலம் என்னும் பெயரைக் கேட்டவுடன் அதனுள் ஏதோ எரிவதாகவே எவரும் கருதுவர். ஒன்றும் எரிவதில்லை. ஐதரசன் என்று உலகம் வழங்கும் நீரகம் ஒருபுறமும், உயிரகம் மறுபுறமும் ஊட்டப்பெறுகின்றன. இடையே ஒரு மெல்லிய படலம். நீரகம் தன் மின்னிகளை மின்வாயில் விட்டுவிட்டுப் படலத்தைக் கடக்கின்றது. விடப்பட்ட மின்னிகளோ வெளிக்கம்பி வழியே சுற்றிப் பொறியை இயக்கிவிட்டு, மறுபுறத்தே உயிரகத்தோடு கூடுகின்றன. எஞ்சுவன நீரும் வெப்பமுமே. 1839-இல் இந்நெறியைக் கண்டு, 1842-இல் கலங்களை வரிசையாய் இணைத்துக் காட்டிய வில்லியம் குரோவு தொழிலால் வழக்குரைஞர். பின்னாளில் நடுவராய் அமர்ந்தவர். 1969-இல் நிலவுக்குச் சென்றோர் வழியிற் பருகிய நீர், அவர்தம் கலங்கள் ஈன்ற நீரே.

இவ்வினை தானே விரைந்து நிகழாது. அதற்கொரு வினையூக்கி வேண்டும். 1823-இல் செருமானிய நாட்டு யேனா நகரில் தோபரைனர் என்பார், பஞ்சுபோற் பொருமிய பிளாத்தினத்தின்மீது நீரகத்தைப் பீச்சினார். நெருப்பில்லாமலே அது பற்றிக்கொண்டது! 1835-இல் பெர்சீலியசு இத்தகைய செயலுக்குக் கிரேக்கத்தினின்று ஒரு பெயரெடுத்தார். அச்சொல்லின் பொருள் ‘தளர்த்துதல்’ என்பது. நம் ‘வினையூக்கி’ அதனினும் தெளிவாகத் தொழிலைச் சொல்கின்றது. ஆயினும் ஒன்றை மறவாதீர்: நடவாததை அது நடத்தாது, நடக்கக்கூடியதற்கு எளிய வழியைத் திறந்துவிடும், அவ்வளவே.

அவ்வழி திறப்பது பொருளின் மேற்பரப்பில் மட்டுமே. உள்ளே புதைந்த அணுக்களுக்கு வேலையில்லை. ஒரு கிராம் பிளாத்தினத்தை ஒரே கட்டியாய் வைத்தால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர செண்டிமீட்டரைக்கூட எட்டாது. அதையே ஒரு மீட்டரின் நூறு கோடியில் மூன்று பங்கே குறுக்களவுள்ள மணிகளாக்கிக் கரித்தூளின்மீது தூவினால், ஏறத்தாழ 90 சதுர மீட்டர் கிடைக்கும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்; அடர்த்தி 21.45. விலையுயர்ந்த மாழையைக் கையாளுவோர்க்கு இக்கணக்கே உயிர்.

இம்மணிகளை எங்ஙனம் ஆய்வது? ஊடுகதிரைச் செலுத்தி அணுக்களின் அடுக்கையும் மணியின் பருமனையும் அறிகின்றோம். மின்னி நுண்ணோக்கியால் மணிகளையே காண்கின்றோம். மேற்பரப்பினின்று மின்னிகளைக் கிளப்பி, அங்குள்ள அணு எதனோடு பிணைந்துள்ளது என உசாவுகின்றோம். கெரார்டு எர்ட்டில் இத்துறைக்காகவே 2007-இல் நோபல் பரிசு பெற்றார். அம்மோனியா ஆக்கத்தில், நைட்ரசனின் இரட்டையணு இரும்பின்மேற் பிளவுறும் படியே காலந்தாழ்த்தும் படி என மெய்ப்பித்தவர் அவர். எனினும் அத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் வெற்றிடத்தில் நிகழ்ந்தவை. கலமோ ஈரத்திலும் அழுத்தத்திலும் உழைப்பது. உறங்கும் ஆளைப் பார்த்து அவன் நடையைக் கூறல் இயலுமா? ஆகவேதான் இன்று வினை நிகழ்கையிலேயே பொருளை நோக்கும் முறைகள் வளர்கின்றன.

அவ்வாறு நோக்கியபோது தெரிந்தது, வினையூக்கி தேய்வதில்லை என்னும் பாடநூற் கூற்று முழு உண்மையன்று என்பது. கலத்தை நிறுத்தி நிறுத்தி இயக்குங்கால் பிளாத்தினம் சிறிது கரைந்து, பெரிய மணிகளின்மேற் படிகின்றது. தாங்கும் கரியும் அரிக்கப்படுகின்றது. நச்சும் உண்டு. கரி அரைகுறையாய் எரிகையில் தோன்றும் வளி, நீரகத்தில் பத்து இலக்கத்திற்குப் பத்துப் பங்கு கலந்தாலும் மணிகளைப் போர்த்துவிடும். உருத்தேனியத்தைச் சேர்த்தால் இந்நச்சு ஓரளவு அகலும்.

காரைக்குடியில் அழகப்பர் ஈந்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பெற்ற நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை உங்களிற் பலர் அறிவீர்கள். இத்துறைக்குச் செல்லவிருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. பிளாத்தினமே இல்லாத மலிவான வினையூக்கி கண்டேன் என முழங்குமுன், ஆய்வில் எதிர்மின்வாயாக எதை வைத்தீர்கள் என்று பாருங்கள். அது பிளாத்தினக் கம்பியாயின், அதனின்று கரைந்த சிறு துளி உங்கள் பொருளின்மேற் படிந்து, புகழை உங்களுக்குத் தந்துவிடும்! கரிக்கோலை வையுங்கள். ஆய்வு முடிந்தபின் மேற்பரப்பில் பிளாத்தினம் உளதா எனத் தேடுங்கள். இளைஞர் ஒருவர் இரண்டு திங்கள் உழைப்பை இங்ஙனம் இழந்ததை நான் அருகிருந்து கண்டேன். பிழையை அவரே கண்டுபிடித்து அவரே அறிவித்தார்.

படங்காட்டும் கருவி அணியமாகிவிட்டது. முதற்படத்தில் கரும்புள்ளிகளாய்த் தோன்றுவன பிளாத்தின மணிகள். இரண்டாவது படம் அதே மின்வாய், நெடுநாள் உழைத்தபின் எடுத்தது. புள்ளிகளின் பருமனை ஒப்பிட்டுப் பாருங்கள்.