கொழித்தல்

இன்று பட்டம் பெறும் வேளாண் மாணவச் செல்வங்களே,

தேர்வு எழுதினீர்கள், தேர்ச்சி பெற்றீர்கள். சில ஆண்டுகளில் பிறரைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் நீங்களே உட்காருவீர்கள். எல்லாவற்றுக்கும் அடி 'தேர்' என்னும் சொல். பழைய நூல்களில் அதற்கு ஆராய்தல் என்றும் பொருள்.

ஆனால், எடுப்பதையும் ஒதுக்குவதையும் ஒருசேரச் சொல்லும் சொற்கள் முறத்தைச் சுற்றியே இருக்கின்றன. தூக்கிப்போட்டு ஏந்தினால் பதரும் உமியும் பறக்கும், அது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் கல்லைப் பிரித்தால் நாவுதல். குருணையையும் முழு அரிசியையும் தனித்தனியாக்கினால் கொழித்தல். மாவையும் கப்பியையும் பிரித்தால் தெள்ளுதல். தெளிவு அதற்கு உடன்பிறப்பு. கையசைவு சற்று மாறினால் சொல்லும் மாறுகிறது. இவ்வளவு நுட்பமும் நம் ஆத்தாக்களின் விரல்களில் இருந்தது.

கொழித்தலை எனக்கு மிகவும் பிடிக்கும். அலை முத்தையும் மணலையும் கரையில் ஒதுக்குவதும் கொழித்தல். செல்வம் பெருகுவதும் கொழித்தல். புடைத்துக் கொழித்த பின் குருணை கஞ்சிக்குப் போகும், தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்று 'வடிகட்டுதல்' என்கிறோம். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அதில் மிஞ்சுவது வெறும் சக்கை.

ஒதுக்கியதும் உதவும் என்பதற்கு உங்கள் துறையையே பாருங்கள். நெற்பயிரைப் புல்லைப்போலக் குட்டையாக்கும் ஒரு நச்சுயிரி நோய் ஆசிய நாடுகளை வாட்டியது. அதற்கு எதிர்ப்புத்திறன் கிடைத்தது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்னும் காட்டுநெல்லில். வயலில் தலைகாட்டினால் களை என்று பிடுங்கி வரப்பில் எறிவோமே, அந்தச் செடி! பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குர்தேவ் சிங் குஷ் குழுவினர் அந்தப் பண்பைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர்.36 ரகம் 1976-இல் வெளிவந்தது. 1980-களில் ஏறத்தாழ 1.1 கோடி ஹெக்டேரில் விளைந்தது. ஒன்றுக்கும் உதவாது என்று தோன்றிய விதைக்கும் எண்ணிட்டு, குறிப்பெழுதிக் காத்துவைத்த கைகளுக்கு இதில் பெரும் பங்குண்டு.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நேர்காணல் குழுவில் அமர்ந்து ஒருவரை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், காரணத்தை அவரிடமே சொல்லுங்கள். எந்த வேலைக்குப் பொருந்துவார் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். விதைப்பண்ணையில் கலவன் எனப்படும் பிறரகச் செடிகளை நீக்கும்போதும், பிடுங்கிய செடி எப்படி இருந்தது என்று வயலேட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள்.